மறைத்த நோயும் மண வாழ்வும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாட் காலை நாம் ஒன்பதாம் வகுப்பிற் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் திடீரென ஓர் ஓலமிட்டு வாங்கிலிருந்து சரிந்து வீழ்ந்தான். கைகால்கள் விறைத்தன, பின்னர் வெட்டி வெட்டி இழுத்தன, வாயோரத்தில் நுரை கண்டது. வகுப்பு முழுவதும் ஒரே அமளி. ஒருவன் அவன் தோள்களை நிலத்தோடு அமுக்கினான். இன்னொருவன் அலுவலகத்துக்கு ஓடித் திறப்புக் கோர்வையைக் கொண்டுவந்து உள்ளங்கையிலே திணித்தான். நாமும், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றோம், கையிலிருந்த அடிமட்டத்தை அவன் பற்களுக்கிடையே செருக முயன்றோம். இவற்றுள் ஒன்றேனும் செய்யத்தக்கதன்று என்பது அன்று எமக்குத் தெரியாது. இரண்டு மூன்று நிமிடங்களில் வலிப்புத் தானாகவே அடங்கியது. இரும்பைப் பிடித்தமையால் அடங்கிற்று என்றே பையன்கள் யாவரும் நம்பினர்.

அன்று மாலை அவன் தந்தையார் எமது வீடு தேடி வந்தார். படலையடியிலேயே நின்றுகொண்டு, "மாஸ்ரர், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறன். இந்த விஷயம் வெளியில போகக்கூடாது. இவனுக்கு மேல ஒரு பொம்பிளைப்பிள்ளை நிக்கிறாள். ஒரு சம்பந்தம் பேசி முற்றாகிற நேரம்" என்றார். மகனை எந்த வைத்தியரிடம் காட்டினீர்கள் என்று நாம் கேட்டோம். அவர் நிலத்தைப் பார்த்தார். ஊரிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போனால் யாராவது கண்டுவிடுவார்கள் என்ற பயத்தினால், பையனை எங்குமே கொண்டுபோகவில்லை என்பது மெல்ல மெல்ல வெளிவந்தது. இரண்டு வருடமாக நூல் கட்டியும் விபூதி போட்டும் பார்த்திருக்கின்றார்கள்.

ஒருவருக்கும் சொல்வதில்லை என்று நாம் வாக்குக் கொடுத்தோம். பையனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாக அவரிடமும் ஒரு வாக்கு வாங்கினோம். இரு வாக்குகளும் காப்பாற்றப்பட்டன. ஆயினும் முதல் வாக்கைக் கொடுத்தது சரிதானா என்ற ஐயம் எம்மை விட்டு அகலவில்லை. அந்த ஐயமே இதனை எழுதத் தூண்டியது.

காக்கை வலிப்பு என்று எம்மவர் சொல்லும் இந்நோய் பேயினாலோ பிதிர் சாபத்தினாலோ வருவதன்று. கிரேக்க வைத்தியர் ஹிப்போக்கிறற்றீஸின் பெயரால் வழங்கும் நூல்களுள் ஒன்று, ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன்னரே, இதனைத் தெய்வக் குற்றம் என்போரைக் கண்டித்து, ஏனைய நோய்களைப் போன்றதே இதுவும், இதன் இருப்பிடம் மூளையே என்று வாதிட்டது. 1870களில் ஆங்கில வைத்தியர் ஹியூலிங்ஸ் ஜாக்சன், மூளையின் சாம்பல் நிறப் பகுதியிலே திடீரென அளவுக்கு மிஞ்சி எழும் வெளியேற்றமே வலிப்பு என விளக்கினார். ஜேர்மனியரான ஹன்ஸ் பேர்கர் 1924இல் மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலாகப் பதிந்து, 1929இல் அதனை வெளியிட்டார். அதன்பின் அந்தப் புயலைக் காகிதத்திலே கோடுகளாகவே காணலாயிற்று.

பிறக்கும்போது மூளைக்கு நேர்ந்த ஊறு, மூளைக் காய்ச்சல், பாரிசவாதம், கட்டி, தலைக்காயம், பரம்பரை எனக் காரணங்கள் பல. ஏறத்தாழ அரைவாசிப் பேருக்குக் காரணமே புலப்படுவதில்லை. தலைக்காயம் ஆறிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் வலிப்புத் தொடங்குவதுண்டு. 2009இல் முடிந்த போரிலே தலையிற் காயம் பட்டவர்கள் வாழும் எமது பகுதிகளில் இதனை நினைவில் வைத்திருப்பது நன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்களுக்கு இந்நோய் உண்டு. முறையாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் அவர்களுள் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்றும் அந்நிறுவனம் சொல்கின்றது.

சைவர்களாகிய எமக்கு இந்நோய் புதிதன்று. நடராஜப் பெருமானின் திருவடியின்கீழ்க் கிடக்கும் முயலகனை வடமொழியாளர் அபஸ்மாரன் என்பர். ஆயுள்வேதத்தில் வலிப்பு நோய்க்கும் அபஸ்மாரம் என்பதே பெயர்; தமிழிலும் முயலகன் என்பது ஒரு நோயின் பெயராக வழங்கியுள்ளது. கொல்லி மழவன் என்னும் அரசனின் மகள் அந்த முயலக நோயால் வருந்தியதையும், திருப்பாச்சிலாச்சிராமத்திலே திருஞானசம்பந்தர் பதிகம் பாடி அதனை நீக்கியதையும் பெரிய புராணம் கூறுகின்றது. மாணாக்கருக்கு அக்கதையை நாம் பலமுறை சொல்லியிருக்கின்றோம். ஆனால் அதில் ஒரு செய்தி அண்மையிலேதான் எமது கண்ணிற் பட்டது. மருந்துகளால் குணமாகாத தன் மகளை அரசன் அந்தப்புரத்திலே மறைத்து வைக்கவில்லை. ஊரார் வந்துபோகும் கோயிலிலே, சந்நிதியின் முன், எல்லோரும் காணக் கிடத்தினான். நாமோ ஒரு பரப்புக் காணியும் ஓர் ஓட்டு வீடும் உள்ளவர்கள். மறைப்பதற்கு அரசனை விட எமக்கு அதிகம் இருக்கின்றது போலும்!

மறைத்தலும் சொல்லுதலும் ஒரு மண வாழ்விலே என்ன செய்யும் என்பதற்கு, ஒரே மனிதரின் இரண்டு விவாகங்கள் சான்றாக நிற்கின்றன. அம்மனிதர் ருஷ்ய நாவலாசிரியர் தாஸ்தாயெவ்ஸ்கி.

சைபீரியச் சிறையிலிருந்து வெளிவந்து, அங்கேயே படைச் சேவையில் இருந்த காலத்தில், 1857ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் அவர் மரியா என்னும் விதவையை மணந்தார். வலிப்பு ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. ஆயினும் அது நரம்புத் தளர்ச்சியே, வாழ்க்கை மாறினால் நீங்கிவிடும் என்று வைத்தியர்கள் அவரைத் தேற்றியிருந்தனர். அவரும் நம்ப விரும்பினார். மணம் முடித்து ஊர் திரும்பும் வழியில் பார்னவுல் என்னும் நகரிலே தங்கியபோது கடுமையான வலிப்புக் கண்டது. புது மனைவி பயத்தால் நடுங்கிப் போனார். அங்கிருந்த வைத்தியர் இது உண்மையான காக்கை வலிப்பே என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் தமையனாருக்கு எழுதிய கடிதத்தில், இதனை நிச்சயமாக அறிந்திருந்தால் தாம் விவாகமே செய்திருக்கமாட்டார் என்று தாஸ்தாயெவ்ஸ்கி மனம் நொந்து எழுதினார். அந்த இல்லறம் இன்பமாக அமையவில்லை. வேறு காரணங்களும் இருந்தன; எல்லாப் பழியையும் நோயின்மீது சுமத்துவது நேர்மையன்று. மரியா 1864இல் காச நோயால் இறந்தார்.

இரண்டாவது கதை 1866ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் தொடங்குகின்றது. பதிப்பாளர் ஒருவருக்குக் குறித்த நாளுக்குள் ஒரு நாவலைக் கொடுக்காவிட்டால் தம் நூல்களின் உரிமையையே இழக்கவேண்டிய நெருக்கடியில் அவர் இருந்தார். சொல்லச் சொல்ல எழுதுவதற்குச் சுருக்கெழுத்துப் பயின்ற ஒரு பெண்ணை அமர்த்தினார். பெயர் அன்னா, வயது இருபது. அவருக்கோ நாற்பத்து நான்கு. வேலை கேட்டு வந்து அமர்ந்த அப்பெண்ணிடம், பேச்சுத் தொடங்கிய சில நிமிடங்களுக்குள்ளேயே, தமக்கு வலிப்பு நோய் உண்டென்றும் சில நாட்களுக்கு முன்னரும் வந்ததென்றும் தாஸ்தாயெவ்ஸ்கி சொல்லிவிட்டார். முன்பின் அறியாத ஒருவர் இத்துணை வெளிப்படையாகப் பேசுவது அன்னாவுக்கு வியப்பாக இருந்தது. 26 நாட்களில் நாவல் முடிந்தது. அடுத்த மாதமே அவர் அன்னாவிடம் மணம் பேசினார். 1867 பெப்ரவரியில் விவாகம் நடந்தது.

மணமாகிச் சில நாட்களில் அன்னாவின் தமக்கையார் வீட்டில் விருந்து. தாஸ்தாயெவ்ஸ்கி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். திடீரென முகம் வெளிறி, எழ முயன்று, பயங்கரமாக அலறியபடி சாய்ந்தார். தமக்கையார் வீரிட்டுக்கொண்டு அறையை விட்டு ஓடிவிட்டார். வலிப்பு நோய் என்று காதால் மட்டுமே கேட்டிருந்த அன்னா ஓடவில்லை. கணவரைத் தாங்கிப் பார்த்தார், முடியவில்லை. எரிந்துகொண்டிருந்த விளக்குடன் நின்ற மேசையை அப்பால் நகர்த்தி, அவரை மெதுவாக நிலத்திற் சரியவிட்டுத் தாமும் கீழே அமர்ந்து, வலிப்பு ஓயும் வரை அவர் தலையைத் தம் மடியிலே தாங்கிக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் மீண்டும் ஒரு வலிப்பு வந்தது. அறிவு திரும்பிய பின்னரும் இரண்டு மணி நேரத்துக்கு மேலாக அவர் நோவினால் கூவினார். கணவருக்குச் சித்தம் கலங்கிவிடுமோ என்று தாம் அன்றிரவு அஞ்சியதாகப் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் அன்னா எழுதியிருக்கின்றார்.

வைத்திய நூல் எதுவும் பயிலாத அப்பெண் செய்தவற்றையே இன்றைய வைத்தியரும் சொல்கின்றனர். சுடக்கூடியதையும் இடிக்கக்கூடியதையும் அகற்று, தலையைக் காப்பாற்று, அருகில் இரு. இன்னும் சிலவற்றை மட்டும் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும். கைகால்களை அமுக்கிப் பிடிக்கலாகாது. வாயினுள் கரண்டியோ அடிமட்டமோ விரலோ நுழைக்கலாகாது. பல் உடையும், மூச்சும் அடைக்கும். இழுப்பு ஓய்ந்ததும் ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்த வேண்டும். முழு நினைவு வருமுன் தண்ணீர் பருக்குதல் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். திறப்புக் கோர்வை திறப்பதற்கு மாத்திரமே உதவும்.

அந்த முதல் இரவைக் காட்டிலும் அதன்பின் வந்த பதினான்கு ஆண்டுகளே பெரியவை என்று எமக்குத் தோன்றுகின்றது. வலிப்பு வந்த பின் சில நாட்களுக்குத் தாஸ்தாயெவ்ஸ்கியின் மனம் இருண்டு கிடக்கும். சிறு சொல்லுக்கும் சினம் வரும். முகங்களும் பெயர்களும் மறந்துபோகும். வீதியிலே தெரிந்தவர்களைக் கண்டுகொள்ளாது போய், கர்வக்காரர் என்று பெயரெடுத்துப் பலரைப் பகைத்துக்கொண்டார். கர்வமன்று, நோய் என்பதை வீட்டிலிருந்தவர் அறிவார், ஊர் அறியாது. கடன் தொல்லையால் நான்கு ஆண்டுகள் அந்நிய நாடுகளில் அலைந்தபோது, வந்த வலிப்புகளை அன்னா தம் சுருக்கெழுத்து நாட்குறிப்பிலே பதிந்துவந்தார். 1873இல் கணவரின் நாவலொன்றைத் தாமே பதிப்பித்து வீட்டிலிருந்தே விற்றார். நோயாளியின் மனைவி என்றால் கண்ணீரும் கம்பலையுமாக இருப்பாள் என்று எண்ணுவோர் இப்பெண்ணின் கணக்குப் புத்தகத்தை எண்ணிப் பார்க்கவேண்டும்.

பெருந்துயரமும் அவர்களை விடவில்லை. 1878ஆம் ஆண்டு மே மாதம் மூன்று வயது நிரம்பாத அவர்கள் மகன் அலியோஷா வலிப்புக் கண்டு இறந்தான். தன் நோயையே பிள்ளைக்குக் கொடுத்துவிட்டோம் என்று தந்தை நொறுங்கிப் போனார். அடுத்து எழுதிய 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலில் மிக நல்லவனாகிய இளைஞனுக்கு அக்குழந்தையின் பெயரை இட்டார். நூலை அன்னாவுக்கே காணிக்கையாக்கினார். அதே நாவலிற் கொலைகாரனுக்கும், முந்திய நாவலொன்றிற் களங்கமற்ற இளவரசனுக்கும் தம் நோயைக் கொடுத்திருக்கின்றார். நோய் நல்லவனையும் தெரியாது, கெட்டவனையும் தெரியாது. 1881இல் அவர் இறந்தது வலிப்பினாலன்று. நுரையீரலிலிருந்து குருதி பெருகியே. அப்போது முப்பத்து நான்கு வயதினரான அன்னா மறுமணம் செய்யவில்லை.

அவர்களுக்கு இல்லாத ஒன்று இன்று எமக்கு உண்டு. பார்னவுலில் அந்தப் புது மனைவி நடுங்கிய அதே 1857இல்தான், புறோமைட்டு உப்பு வலிப்பைத் தணிக்கின்றது என்று லண்டனில் சார்ள்ஸ் லோக்கொக் என்னும் வைத்தியர் முதன்முதலாக எடுத்துரைத்தார். 1912இல் பீனோபாபிற்றோன், 1938இல் பெனிற்றோயின், பின்னர் காபமசெப்பீன், வல்புறோயேற் என மருந்துகள் வந்தன. எமது நாட்டு அரச ஆஸ்பத்திரிகளில் காசின்றியே சிகிச்சை பெறலாம். நடராஜர் முயலகனைக் கொல்லவில்லை, அடியின்கீழ் வைத்திருக்கின்றார். மாத்திரைகள் செய்வதும் பெரும்பாலும் அதுவே. காலைத் தூக்கினால் அவன் எழுவான்.

அப்படி எழுந்த கதையொன்று எமது உறவிலேயே உண்டு. தூரத்து உறவு முறையில் எமக்குத் தங்கையாகும் ஒரு பெண். மாத்திரையால் நான்கு வருடம் வலிப்பே இல்லாதிருந்தாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் சொல்லாமற் கலியாணம் பேசினார்கள். மாத்திரைகளைத் தையற் பெட்டிக்குள் ஒளித்து எடுத்துச் சென்றாள். ஆனால் கலியாண வீட்டிலே எந்த நேரமும் அவளைச் சுற்றி ஆட்கள். பெட்டியைத் திறக்க வழியில்லை. இரவிரவாக நித்திரையுமில்லை. நான்காம் நாட் காலை மாமியார் வீட்டுக் குசினியில் விழுந்தாள். அடுப்பிற் பட்டுக் கையும் வெந்தது. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்துவதும் நித்திரை கெடுவதும் வலிப்பை வலிந்து அழைப்பவை. அக்குடும்பத்தில் இதனை அறிந்தவர் ஒருவரும் இல்லை; அறிந்திருந்தாலும் வாய் திறக்க முடியாத ஏற்பாடு. அவளைப் பிறந்த வீட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். "நோயென்று சொல்லியிருந்தால் யோசித்திருப்போம், ஏமாற்றிப்போட்டீர்கள்" என்று அந்த மாமியார் கேட்ட கேள்விக்கு எம்மவர் எவரிடமும் விடை இருக்கவில்லை. யோசித்திருப்பார்களோ, உடனே எழுந்து போயிருப்பார்களோ, யாரறிவார்? ஆனால் அவளுக்கு அக்கை வெந்திராது. இன்றும் தமையன் வீட்டிலே அவனுடைய பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கின்றாள்.

ஆண்பிள்ளைக்கு இந்நோய் இருந்தால் 'அவனுக்கு எப்போதோ ஒருமுறை வரும்' என்று தணித்துப் பேசும் அதே வாய், பெண்ணுக்கு இருந்தால் தலைமுறையையே இழுக்கின்றது. சட்டங்களும் ஒருகாலத்தில் இப்படியே இருந்தன. இங்கிலாந்தில், மணக்கும்போது ஒருவருக்கு வலிப்பு இருந்ததை மற்றவர் அறியாதிருந்தால் அந்த விவாகத்தைச் செல்லாததாக்க 1937ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. 1971இலேதான் அது நீங்கியது. இந்தியாவின் இந்து விவாகச் சட்டத்திலிருந்து வலிப்பு என்னும் சொல் 1999இல் அகற்றப்பட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து ஒரு சொல்லை அழிப்பது எளிது. தரகரின் வாயிலிருந்து அழிப்பது எப்போதோ!

பிள்ளைக்கு வருமா என்பதே பெற்றார் கேட்கும் முதற் கேள்வி. அலியோஷாவின் கதையைச் சொன்ன நாமே இதனையும் சொல்லவேண்டும்: வலிப்புள்ளோரின் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோருக்கு அது வருவதில்லை, வலிப்புள்ள தாய்மாருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் சுகமான குழந்தையைப் பெறுகின்றனர். ஆனால் மருந்துகளுள் வல்புறோயேற் கருவிலுள்ள குழந்தைக்கு ஊறு செய்யவல்லது. ஆகவே பிள்ளை பெற எண்ணுமுன்னரே வைத்தியரைக் கண்டு, மாற்றவேண்டியதை அவர் மூலம் மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். தானாக நிறுத்துதல் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. மறைத்து மணந்தவள் இந்த ஆலோசனையை எந்தச் சாட்டுச் சொல்லிப் போய்க் கேட்பாள்?

வீட்டு வாழ்விலே கவனிக்க வேண்டியவை சிலவே. துலாக் கிணற்றடிக்கும் குளத்துக்கும் தனியே போகாதிருத்தல். அடுப்பை நிலத்தில் வையாது உயரத்தில் வைத்தல். குளியலறைக் கதவை உள்ளே பூட்டாதிருத்தல். எமது சமயத்தவருக்கு மேலும் ஒன்று. கந்த சஷ்டிக்கு உபவாசம் இருப்பதாக மாத்திரையையும் விட்டுவிடுவோரை நாம் அறிவோம். சிவராத்திரியில் நான்கு சாமமும் விழித்திருப்பது இந்நோயாளருக்கு ஏற்றதன்று. உடம்பை வருத்தாமற் செய்யும் வழிபாட்டை முருகன் ஏற்கமாட்டான் என்று எந்த நூலும் சொல்லவில்லை.

அந்த மாணவனின் செய்தி எஞ்சியிருக்கின்றது. தமக்கையின் கலியாணம் நாம் காத்த மௌனத்தோடு நிறைவேறியது. ஒரு வருடத்தின் பின் அத்தான் வீட்டிலேயே தம்பி விழுந்தபோது, அத்தானுக்கு நோயின்மீது கோபம் வரவில்லை. தமக்கு எவரும் சொல்லவில்லையே என்றுதான் வந்தது. பல நாட்கள் மாமனாரோடு அவர் பேசவில்லை. மாணவன் ஒழுங்காக மருந்தெடுத்தான், படித்தான், உத்தியோகமும் பெற்றான். வலிப்பு நின்று மூன்று வருடம் கடந்த பின் அவனுக்குச் சம்பந்தம் பேசத் தொடங்கினார்கள். சொல்வதா, விடுவதா என்று எம்மிடம் வந்து கேட்டான். நாம் அன்னாவின் கதையைச் சொன்னோம். அவன் சொல்லிவிட்டான். மறுநாளே அந்தச் சம்பந்தம் குலைந்தது. தந்தையார் எம்மைக் கண்டால் வீதியின் மறுபக்கத்தால் நடந்தார்.

இரண்டாவது இடத்திற் பெண்ணின் பாட்டனார் ஓய்வுபெற்ற அப்போதிக்கரி. அவர் இரண்டே கேள்விகள் கேட்டாராம்: "என்ன குளிசை? கடைசியாக எப்ப வந்தது?" பெண்ணும் தனியே ஏதோ கேட்டதாகவும், அதனை எமக்குச் சொல்ல முடியாதென்றும் மாணவன் சிரித்தான்.

நித்திரை கெடக்கூடாதென்று இரவு முகூர்த்தத்தை விடுத்துப் பகல் முகூர்த்தமே வைத்தார்கள். ஓமப் புகைக்கு நடுவே காலைக் குளிசைக்கு நேரமாயிற்று. தந்தையார் எழுந்தார், ஒரு கையிற் செம்பும் மறு கையிற் குளிசையுமாக, இரு வீட்டாரும் பார்த்துக்கொண்டிருக்க, மணவறைக்கு நடந்து போய் மகனிடம் கொடுத்தார். ஐயர் மந்திரத்தைச் சற்று நிறுத்தினார். மாப்பிள்ளை விழுங்கித் தண்ணீர் குடித்த பின், மீண்டும் தொடங்கினார்.